அரை ஆயுட்காலம்: டியூஷனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தத்தில் சாயங்கால டியூஷனில் பிளஸ் டூ வேதியியல் எடுக்கிறேன். வேதிவினை வேகவியல் பாடம் தொடங்கியதும் கதிரியக்கச் சிதைவு கூடவே வந்துவிடும். அதன் பின்னாலேயே போன வருஷத்துப் பிள்ளைகள் கேட்ட அதே சந்தேகங்களும் வரும். என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே குறித்துவைத்திருந்தேன். அவற்றோடு சில பெற்றோர் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். முதலில் எளிமையானவை, போகப் போகச் சிக்கல் கூடும். கணக்கு மட்டும் போதும் என்பவர்கள் 0.693 கேள்விக்கு நேராகப் போகலாம். ஆனால் புளியங்கொட்டைக் கேள்வியை மட்டும் தாண்டிவிடாதீர்கள், பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கதிரியக்கம்னா இன்னா மிஸ்? இருட்டுல வெச்சா பச்சையா மின்னுமா?

மின்னாது. அணுவின் நடுவில் இருக்கும் அணுக்கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சில கருக்களில் இந்தச் சேர்க்கை நிலையாக நிற்பதில்லை. அப்படிப்பட்ட கரு, யாரும் தூண்டாமலேயே, ஒரு துகளை வெளியே தள்ளிவிட்டு வேறொரு கருவாக மாறும். அதுதான் கதிரியக்கச் சிதைவு. 1896-ல் பாரிஸில் ஹென்றி பெக்கரல், கறுப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகட்டோடு யுரேனிய உப்பை மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். வெயில் படாமலேயே தகட்டில் உப்பின் தடம் விழுந்திருந்தது. இந்தக் குணத்துக்குக் கதிரியக்கம் என்று பெயர் வைத்தவர் மேரி கியூரி.

பச்சை வெளிச்சம் என்ற எண்ணம் பழைய கைக்கடிகார முட்களிலிருந்து வந்தது. அந்தப் பூச்சில் ரேடியத்தோடு துத்தநாக சல்பைடு கலந்திருப்பார்கள். மின்னியது துத்தநாக சல்பைடுதான். நம் ஊர் ஆட்டோவில் ஒட்டும் 'ரேடியம் ஸ்டிக்கர்' இருக்கிறதே, அதில் ரேடியம் துளிகூடக் கிடையாது. விழுந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பியனுப்பும் தாள் அது, அவ்வளவுதான்.

ஆல்ஃபா, பீட்டா, காமா. எது போனா எந்த நம்பர் குறையும்?

ஆல்ஃபா போனால் இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் போகும். நிறை எண்ணில் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்தம், பெயருக்குப் பின்னால் எழுதுகிறோமே, அந்த எண்) 4, அணு எண்ணில் (புரோட்டான்களின் எண்ணிக்கை) 2 குறையும். யுரேனியம்-238 இப்படித்தான் தோரியம்-234 ஆகிறது. பீட்டாவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, எலக்ட்ரான் ஒன்று வெளியே வரும். நிறை எண் அப்படியே இருக்கும், அணு எண் 1 கூடும். கார்பன்-14 நைட்ரஜன்-14 ஆவது இந்த வகை. காமாவில் எந்த எண்ணும் மாறாது, கருவில் மிச்சமிருந்த ஆற்றல் மட்டும் வெளியேறும். பீட்டாவில் அணு எண் கூடும் என்பதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒன்று 'போகிறது' என்றதும் கை தானாக ஒன்றைக் கழித்துவிடுகிறது.

இது பிசிக்ஸ் பாடம்தானே? கெமிஸ்ட்ரில ஏன் வருது?

இரண்டிலும் வரும். வேதியியலில் வருவதற்குக் காரணம் அதன் வேகம். முதல் வகை வினையில், வினையின் வேகம் மீதமிருக்கும் பொருளின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கதிரியக்கச் சிதைவும் அப்படியே. ஆகவே சமன்பாடு ஒன்றுதான். இயற்பியலில் சிதைவு மாறிலி என்பதை நாம் வினைவேக மாறிலி என்கிறோம். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் வெப்பநிலை. அதை வெயில் கேள்வியில் பார்க்கலாம்.

அரை ஆயுட்காலம் எட்டு நாள்னா, முழு ஆயுள் பதினாறு நாள். சரிதானே மிஸ்?

தப்பு. ஆனால் தப்பு உங்கள் மேல் இல்லை, பெயர் மேல். ஆயுள் என்றதும் பிறப்பு, மூப்பு, சாவு என்று ஒரு வரிசை நம் மனதில் ஓடும். எழுபதில் பாதி முப்பத்தைந்து என்று கணக்குப் போடுவோம். நீங்கள் சொல்லும் எட்டு நாள்காரரான அயோடின்-131-க்கு அப்படி ஒரு முழு ஆயுள் கிடையவே கிடையாது. கையில் இருக்கும் கூட்டம் பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்குத்தான் அரை ஆயுட்காலம் என்று பெயர். எட்டு நாளில் அரை. இன்னொரு எட்டு நாளில் அந்த அரையில் பாதி, அதாவது கால். அப்புறம் அரைக்கால், அப்புறம் வீசம், அப்புறம் அரை வீசம். உங்கள் தாத்தாவுக்கு இந்த வரிசை மனப்பாடமாக இருக்கும், கேட்டுப் பாருங்கள். பதினாறாம் நாள் கால் பங்கு பத்திரமாக இருக்கும்.

வகுப்பில் இதற்காகவே ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். தாயம் விளையாட உரசுகிற மாதிரி ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கியது. நூறு கொட்டையைத் தட்டில் போட்டுக் குலுக்கிப் பாயில் கொட்டுவோம். வெள்ளை மேலே வந்தவை 'சிதைந்தவை', எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம். மிச்சத்தை மறுபடி குலுக்குவோம். போன தடவை எங்களுக்கு வந்த வரிசை: 100, 54, 25, 14, 6, 3, 3, 1. ஒவ்வொரு குலுக்கலும் ஓர் அரை ஆயுட்காலம். இரண்டாவது குலுக்கலில் எல்லாம் முடிந்துவிடவில்லை, பாருங்கள். ஆறுக்கு அப்புறம் மூன்று, மறுபடியும் மூன்று என்று நின்றதையும் கவனியுங்கள், அது பின்னால் உதவும்.

எனக்குப் பாடம் எடுத்தவர் மெழுகுவர்த்தி உதாரணம் சொன்னார். பல வருஷம் நானும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். மெழுகுவர்த்தி பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் ஒரே வேகத்தில்தான் கரையும். ஒரு மணி நேரத்தில் பாதி என்றால் இரண்டு மணி நேரத்தில் மொத்தமும் தீரும். அது பூஜ்ஜிய வகை வினைக்கு நல்ல உதாரணம், இதற்கு ஆகாது.

எந்த அணு எப்போ சிதையும்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. கருவி போதாததால் அல்ல, அந்தத் தகவலே அணுவுக்குள் இல்லாததால். கருவுக்கு வயசு ஏறுவதில்லை. நேற்று உண்டான கருவும் நூறு கோடி வருஷம் முன்னால் உண்டான கருவும் ஒரே வகையாக இருந்தால், அடுத்த ஒரு நிமிஷத்தில் சிதைவதற்கான வாய்ப்பு இரண்டுக்கும் ஒன்றேதான். மனுஷனுக்கு இப்படி இல்லை, எண்பது வயசுக்காரருக்கும் எட்டு வயசுப் பிள்ளைக்கும் வாய்ப்பு வேறு. அதனால்தான் 'ஆயுள்' என்ற சொல்லோடு எனக்கு இவ்வளவு சண்டை.

கடைசியாக மிஞ்சிய அந்த ஒரு கொட்டை மேலும் நான்கு குலுக்கலுக்கு வெள்ளை காட்டவில்லை. "மிஸ், இத்தனை தடவை தப்பிச்சிருச்சு, இந்தத் தடவை கண்டிப்பா விழும்" என்றான் ஒருவன். "இல்லடா, அது கெட்டிக் கொட்டை, விழவே விழாது" என்றான் இன்னொருவன். இரண்டு பேருமே தப்பு. முன்னால் எத்தனை தடவை தப்பித்தது என்பது கொட்டைக்குத் தெரியாது. அணுக்கருவும் அதே மாதிரிதான்.

ஒண்ணு எப்ப போகும்னே தெரியாதப்போ, மொத்தக் கணக்கு மட்டும் எப்படி இவ்ளோ கரெக்டா வருது?

எண்ணிக்கையால். பத்துக் கொட்டை குலுக்கினால் பாதி என்பது மூன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். நூறு என்றால் ஐம்பதுக்கு அக்கம்பக்கம் நிற்கும், எங்களுக்கு 54 வந்த மாதிரி. எண்ணிக்கை கூடக் கூட இந்த ஏறுமாறு பங்களவில் சுருங்கிக்கொண்டே போகும். அயோடின்-131-ல் ஒரே ஒரு மைக்ரோகிராம் எடுத்தாலும் அதில் சுமார் 4,600 லட்சம் கோடி அணுக்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் பாதி என்றால் கிட்டத்தட்ட துல்லியமாகப் பாதிதான்.

பாதி பாதியா போனா எப்பத்தான் மிஸ் முடியும்? முடிவே இல்லையா?

காகிதத்தில் முடிவில்லை, ஏனென்றால் பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போகலாம். நிஜத்தில் அணுவைப் பாதியாக எண்ண முடியாது, ஒரு நாள் கடைசி அணுவும் போகும். மேலே சொன்ன ஒரு மைக்ரோகிராம் அயோடின் ஓர் அணு அளவுக்கு வர ஏறக்குறைய 52 அரை ஆயுட்காலம், அதாவது 14 மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதற்கப்புறம் கணக்கு நின்று அதிர்ஷ்டம் தொடங்கும்.

நடைமுறைக்குப் பத்து அரை ஆயுட்காலம் என்பது நல்ல கைக்கணக்கு. அதற்குள் 1,024-ல் ஒரு பங்குதான் மீதி இருக்கும். அந்த ஒரு பங்கு ஆபத்தா இல்லையா என்பது தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது.

0.693 எங்கேருந்து வந்துச்சு? மனப்பாடம் பண்ணணுமா?

அது 2-இன் இயல் மடக்கை. பாதியாகும் நேரத்தைத் தேடுவதால் 2 வருகிறது. சிதைவின் வேகம் மீதமுள்ளதைப் பொறுத்தது என்பதால் தொகையிடும்போது இயல் மடக்கை வருகிறது. அரை ஆயுட்காலம் = 0.693 ÷ சிதைவு மாறிலி. இதில் தொடக்க அளவு எங்கேயும் இல்லை என்பதைப் பாருங்கள். ஒரு கிராமானாலும் ஒரு டன்னானாலும் பாதியாக ஆகும் நேரம் ஒன்றே. தேர்வில் 'ஏன்' என்று கேட்டால் எழுத வேண்டியது இதுதான்.

கார்பன்-14-க்குப் போட்டுப் பாருங்கள். அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டு. 0.693-ஐ அதால் வகுத்தால் 0.000121. ஓர் ஆண்டில் ஓர் அணு சிதையும் வாய்ப்பு அவ்வளவு, பத்தாயிரத்துக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம். மாறிலி என்பது வாய்ப்பைத்தான் சொல்கிறது என்று புரிந்துவிட்டால் அலகு ஏன் 'ஆண்டுக்கு' என்று வருகிறது என்ற குழப்பமும் போய்விடும். சராசரி ஆயுட்காலம் கேட்டால் அரை ஆயுட்காலத்தை 1.44-ஆல் பெருக்குங்கள்.

இருபது நாள்னு கேட்டா? எட்டால வகுத்தா முழுசா வரலையே

வராவிட்டால் என்ன, 2.5 என்று அப்படியே வையுங்கள். 100 மில்லிகிராம் அயோடின்-131-ஐ எடுத்துக்கொண்டால் 16 நாளில் 25, 24 நாளில் 12.5. இருபது நடுவில் இருப்பதால் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 18.75 என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் இருக்கிறார்கள். சரியான விடை 17.7. 100-ஐ 2-இன் 2.5 அடுக்கால், அதாவது 5.66-ஆல் வகுக்க வேண்டும். கோடு நேராக இறங்கவில்லை, வளைந்து இறங்குகிறது. அதனால் நடுநாளின் அளவு நடுவெண்ணைவிட எப்போதும் கொஞ்சம் கீழேதான் இருக்கும். இதை நினைவில் வைத்தால் மடக்கை அட்டவணையைத் தப்பாகப் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

நூறு கிராம் ஐம்பது கிராம் ஆயிடும்னா, மீதி ஐம்பது கிராம் எங்க போகுது?

எங்கேயும் போவதில்லை. அயோடின்-131 சிதைந்தால் செனான்-131 ஆகிறது. மூடிய குப்பியில் வைத்திருந்தால் எட்டு நாள் கழித்தும் தராசு கிட்டத்தட்ட அதே எடையைத்தான் காட்டும். பாதி அயோடின், பாதி செனான். காணாமல் போகும் நிறை, வெளியேறிய ஆற்றலுக்குச் சமமான மிகச் சிறிய பங்குதான். கேள்வித்தாளில் 'மீதமுள்ள நிறை' என்றால் சிதையாமல் மீதமுள்ள அயோடினின் நிறை என்று படியுங்கள். எங்கள் புளியங்கொட்டையும் அப்படித்தான், ஓரமாக எடுத்துவைத்தோமே தவிர யாரும் தின்றுவிடவில்லை.

நம்மூர் வெயில்ல வெச்சா சீக்கிரம் சிதையுமா?

வேலூர் வெயிலில் எல்லாமே சீக்கிரம் கெடும் என்பதால் வரும் நியாயமான கேள்வி. காலையில் ஆட்டிய மாவு மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்துவிடுகிறது. வேதிவினைகளுக்கும் வெப்பநிலை ஏறினால் வேகம் ஏறும், அர்ஹீனியஸ் சமன்பாடு படித்திருக்கிறீர்கள். கதிரியக்கச் சிதைவுக்கு அது பொருந்தாது. ஐஸ் பெட்டியில் வைத்தாலும் மே மாத மொட்டை மாடியில் வைத்தாலும் அயோடின்-131-க்கு அதே எட்டு நாள்தான். வெப்பமும் அழுத்தமும் வினையூக்கியும் அணுவின் வெளி எலக்ட்ரான்களோடு விளையாடும் சமாச்சாரங்கள். அங்கே புழங்கும் ஆற்றல் சில எலக்ட்ரான் வோல்ட். கருவுக்குள் நடப்பது பல லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கணக்கு.

அப்படியே 'எதனாலும் எப்போதும் மாறாது' என்று அடித்துச் சொல்லலாமா என்று ஒரு பெண் கேட்டாள். சொல்லக்கூடாது. பெரிலியம்-7 தன் சொந்த எலக்ட்ரான் ஒன்றையே கருவுக்குள் இழுத்துக்கொண்டு லித்தியம்-7 ஆகிறது. எலக்ட்ரான் தேவைப்படுவதால், பெரிலியம் எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் 53 நாள் அரை ஆயுட்காலம் மிகச் சிறிதளவு மாறுகிறது, சுமார் ஒரு சதவீதத்துக்குள். தேர்வுக்கு வராது, ஆனாலும் அவள் கேட்டது சரி.

அம்மாவுக்குத் தைராய்டுக்கு ரேடியோ அயோடின் குடுத்தாங்க. எட்டு நாள் கழிச்சுப் பாதிதானே போயிருக்கும், எப்படி வீட்டுக்கு அனுப்பறாங்க?

சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்தில் இருப்பதால் வேலூர்ப் பிள்ளைகளுக்கு இது பாடக் கேள்வி அல்ல, வீட்டுக் கேள்வி. எட்டு நாள் என்பது குப்பியில் இருக்கும் அயோடினுக்கு. உடம்பில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது, தைராய்டு பிடித்துவைக்காத அயோடின் பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். ஆரம்பத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் கழிப்பறை விஷயத்தில் கண்டிப்பாக இருப்பதும் அதனால்தான்.

உடம்பு வெளியேற்றுவதற்கும் ஓர் அரை ஆயுட்காலம் உண்டு, உயிரியல் அரை ஆயுட்காலம் என்பார்கள். இரண்டு வழியும் சேர்ந்து வேலை செய்வதால் அவற்றின் தலைகீழிகளைக் கூட்ட வேண்டும். தைராய்டுக்குள் பிடிபட்ட அயோடினுக்குப் பாடக் கணக்குகளில் 80 நாள் என்று எடுப்பார்கள். எட்டில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்ந்தால் எண்பதில் பதினொன்று. அதைத் தலைகீழாக்கினால் விடை சுமார் 7.3 நாள். இரண்டில் சிறியதைவிடவும் சிறியதாகத்தான் எப்போதும் வரும். ஆனால் அம்மாவிடம் எத்தனை நாள் தள்ளி இருக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கால் முடிவு செய்யாதீர்கள். கொடுத்த அளவு ஆளுக்கு ஆள் மாறும், மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த நாள் கணக்குதான் செல்லும். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேனுக்கு ஊசி போடுறதும் இதேதானா? ஆறு மணி நேரத்துல பாதி போயிடுதுன்னா எப்படி ஸ்டாக் வெப்பாங்க?

எலும்பு ஸ்கேன் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் டெக்னீஷியம்-99எம். அரை ஆயுட்காலம் ஆறு மணி நேரம். படம் எடுக்கப் போதும், மறுநாள் இதே நேரத்துக்கு வீசம்தான் மீதி. அதை ஸ்டாக் வைக்க முடியாது. சிதைந்து அதைத் தரும் தாயான மாலிப்டினம்-99-ஐ, 66 மணி நேர அரை ஆயுட்காலம் உள்ளதை, ஒரு ஈயக் கவசப் பெட்டியில் வாங்கி வைப்பார்கள். உள்ளே டெக்னீஷியம் ஊறிக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது உப்புக் கரைசலை விட்டு அதை மட்டும் பிரித்து எடுப்பார்கள். இதற்கு அந்தத் துறைக்காரர்கள் வைத்திருக்கும் பேச்சுப் பெயர் பால் கறப்பது. காலையில் கறந்தால் மறுநாள் மறுபடி சுரந்திருக்கும்.

பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் ஃபுளூரின்-18 இன்னும் அவசரக்காரன், 110 நிமிஷம். ஒரு பேச்சுக்கு, சென்னையில் தயாரித்து வேனில் ஏற்றி, வாலாஜா டோல்கேட்டையெல்லாம் தாண்டி மூன்று மணி நேரத்தில் வேலூர் சேர்ந்தால் எவ்வளவு மீதி இருக்கும்? 180-ஐ 110-ஆல் வகுத்தால் 1.64. மீதி மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வழியில் டீ குடிக்க நிறுத்தினால் அதற்கும் கணக்கு உண்டு.

எக்ஸ்ரே எடுத்தா உடம்புல கதிரியக்கம் தங்கிடுமா?

தங்காது. எக்ஸ்ரே, லைட்டைப் போட்டு அணைத்த மாதிரி. அணைத்த பிறகு அறையிலும் இல்லை, உடம்பிலும் இல்லை. மேலே சொன்ன ஊசியில் பொருளே உள்ளே போகிறது. வித்தியாசம் அதுதான்.

அரை ஆயுட்காலம் நிறைய இருந்தா ஆபத்தும் நிறையதானே? யுரேனியம் 450 கோடி வருஷமாமே!

பல பேர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. அரை ஆயுட்காலம் நீளம் என்றால் அணுக்கள் நிதானமாகச் சிதைகின்றன என்று அர்த்தம். ஒரு கிராம் யுரேனியம்-238-ல் ஒரு விநாடிக்குச் சுமார் 12,400 சிதைவுகள். ஒரு கிராம் அயோடின்-131-ல் விநாடிக்குச் சுமார் 4,600 லட்சம் கோடி. ஒரே எடைக்கு, அரை ஆயுட்காலம் குறையக் குறையக் கதிர்வீச்சு கூடும்.

அப்படியானால் குறைந்ததுதான் ஆபத்தா? அதுவும் முழுக்கச் சரியில்லை. அயோடின் மூர்க்கமாக இருக்கும், சில மாதத்தில் அடங்கிவிடும். அணு உலைக் கழிவில் நம் வாழ்நாளோடு ஒட்டி வந்து தொல்லை தருபவை சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 போன்றவை. இரண்டுக்கும் ஏறக்குறைய முப்பது ஆண்டு. வீரியமும் உண்டு, மூன்று தலைமுறைக்கு நீடிக்கவும் செய்யும். அப்புறம் எந்த வகைக் கதிர், உடம்புக்குள் போனதா வெளியே இருந்ததா, எந்த உறுப்பில் தங்குகிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். அரை ஆயுட்காலத்தை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது.

வாழைப்பழத்துலயே கதிரியக்கம் கீதாமே, நெஜமா?

நிஜம். பொட்டாசியம் இருக்கும் இடமெல்லாம் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பொட்டாசியம்-40 இருக்கும். அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டு. உங்கள் உடம்பிலும் இருக்கிறது. எழுபது கிலோ ஆளுக்கு விநாடிக்குச் சுமார் நான்காயிரம் சிதைவு. பழம் அதிகம் தின்றால் கூடுமா என்றால், உடம்பு பொட்டாசியத்தை ஓர் அளவுக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மிச்சத்தை வெளியே அனுப்பிவிடும். தாராளமாகச் சாப்பிடுங்கள்.

புகையிலையில பொலோனியம் இருக்குன்னு படிச்சேன். அரை ஆயுட்காலம் 138 நாள்தானே, ரெண்டு வருஷம் பழைய இலைன்னா போயிருக்குமா?

அம்மா வீட்டில் பீடி சுற்றும் ஒரு மாணவி கேட்டது. நல்ல கேள்வி, பொறியும் உள்ள கேள்வி. பொலோனியம்-210-க்கு 138 நாள் என்பது சரி. தனியாக இருந்தால் இரண்டு வருஷத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் மீதி இருக்கும். ஆனால் இலையில் அது தனியாக இல்லை. காற்றில் இருக்கும் ரேடான் வாயு சிதைந்து, ஈயம்-210 ஆகப் புகையிலையின் பிசுபிசுப்பான ரோமங்களில் படிகிறது. ஈயம்-210-க்கு 22 ஆண்டு. அது சிதைந்து பிஸ்மத் ஆகி, அதிலிருந்து பொலோனியம் வந்துகொண்டே இருக்கும். டெக்னீஷியம் பெட்டியில் தாய் ஊறவைத்த அதே கதை, இங்கே யாரும் கறக்காமலேயே. ஆகவே இலை பழசாவதால் தப்பிக்க முடியாது. பொலோனியம் பெரும்பாலும் புகையோடு நுரையீரலுக்குப் போவதால் முதல் பாதிப்பு புகைப்பவருக்கு. சுற்றுகிறவர்களுக்கு இதைவிடப் பக்கத்துத் தொல்லை புகையிலைத் தூசும் நிகோட்டினும்.

ரேடியத்துக்கு 1,600 வருஷம்தான். பூமிக்கு 454 கோடி வருஷம். இன்னும் எப்படி மிச்சம் இருக்கு?

பீடிக் கேள்வியின் விடையேதான். பூமி பிறந்தபோது இருந்த ரேடியம்-226 எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது இருப்பதெல்லாம் யுரேனியம்-238-இன் சிதைவு வரிசையில் புதிதாக வந்துகொண்டிருப்பது. யுரேனியம்-238-க்கு 447 கோடி ஆண்டு என்பதால், அதுவே இப்போதுதான் பாதியாகியிருக்கிறது.

வேலூர்க் கோட்டை எவ்ளோ பழசுன்னு கார்பன் முறையில கண்டுபிடிக்கலாமா மிஸ்?

கோட்டைக் கல்லை வைத்து முடியாது. கார்பன்-14 உயிருள்ளவற்றுக்கான கணக்கு. மரம், நெல், மாடு, மனுஷன் எல்லாம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14-ஐ வாங்கிக்கொண்டே இருக்கும். செத்ததும் வரவு நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும். மீதியை அளந்தால் செத்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியும். கீழடியில் கிடைத்த கரிமப் பொருளை வைத்துத்தான் கி.மு. 580 என்ற காலத்தை 2019-ல் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறை அறிக்கை சொன்னது. கோட்டையில் பழைய மரக்கதவு இருந்தால் அதன் மரத்தை அளக்கலாம். அதுவும் மரம் வெட்டப்பட்ட காலத்தைத்தான் சொல்லும், கதவை மாட்டிய தேதியை அல்ல. சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் மீதி கார்பன்-14 அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடுவதால் டைனோசர் எலும்புக்கும் இது ஆகாது.

கல்லுக்கு வேறு கடிகாரம் இருக்கிறது. பாறைக்குள் சிர்கான் என்ற மணிகளில் யுரேனியம் அடைபட்டிருக்கும். அது ஈயமாக மாறிய பங்கை அளந்தால் மணி உருவான காலம் வரும். வட தமிழ்நாட்டுப் பாறைகளில் பலவற்றுக்கு இப்படிக் கிடைத்த வயது சுமார் 250 கோடி ஆண்டு. கோட்டை கட்டியது பதினாறாம் நூற்றாண்டில். கல்லின் வயசையும் கட்டடத்தின் வயசையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ரெண்டே ரெண்டு அணு இருக்கு. ஒரு அரை ஆயுட்காலம் கழிச்சு ஒண்ணு இருக்கும். கரெக்டா?

இதை எழுதிவிட்டு நூற்றுக்கு நூறு எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. 'ஒன்று இருக்கும்' என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு அணுவுக்கும் வாய்ப்பு பாதி பாதி, ஒன்று இன்னொன்றைப் பார்த்து நடப்பதில்லை. ஆகவே இரண்டும் மீதி இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டும் போயிருக்க நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்று மட்டும் இருக்க நான்கில் இரண்டு. ஒன்று இருக்கும் என்று பந்தயம் கட்டினால் பாதித் தடவை தோற்பீர்கள். எங்கள் வரிசையில் மூன்றுக்கு அப்புறம் மறுபடி மூன்றே வந்தது நினைவிருக்கிறதா, அது இதேதான். நம்பிக்கை வராவிட்டால் இரண்டு புளியங்கொட்டையை உரசி இருபது தடவை உருட்டி எழுதிக்கொண்டு வாருங்கள், சேர்த்துப் பார்ப்போம்.